உள்பக்கத்தைத் திருப்பிப் போடவும்

துவைக்கிற மெஷினின் கதவு திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

கேஷியர் முதலில் நாசூக்காக இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரு காலை மெஷின்மேல் ஊன்றிக்கொண்டு இழுத்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "கொஞ்சம் திறந்துடேம்மா" என்று அதனிடம் கெஞ்சவும் செய்தார். வட்டக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நுரைத் தண்ணீரில் பன்னிரண்டு பேரின் துணிமணி ஆனந்தமாக மிதந்துகொண்டிருந்தது. அவர் மனைவியின் நீலச் சேலை ஒரு முறை கண்ணாடியருகே வந்து அவரை முறைத்துவிட்டுப் போனது.

கடைக்காரம்மா மேஜைக்குப் பின்னால் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரிடம் வாய் திறந்து உதவி கேட்பது என்பது கேஷியருக்குப் பல் பிடுங்குகிற மாதிரி. அதற்கு இந்த மெஷினோடு மல்லுக்கட்டுவதே மேல்.

அப்போதுதான் முதுகில் ஒரு பெரிய கோணிப்பையைச் சுமந்தபடி அந்தத் தாடிக்காரர் உள்ளே வந்தார். பையை இறக்கி வைத்தார். கேஷியரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். மெஷினின் கீழ் மூலையில் முழங்காலால் ஒரு இடி இடித்தார். கதவு திறந்துகொண்டது. உள்ளே இருந்த தண்ணீர் முழுவதும் இருவர் காலிலும் கொட்டியது.

கேஷியர் திருதிருவென்று முழித்தார். தாடிக்காரரோ மண்டியிட்டு, தன் பையிலிருந்த துண்டை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். கேஷியரின் செருப்பையும் சேர்த்துத் துடைத்தார்.

'இந்த ஊர்க்காரர் போலிருக்கு. என்ன தங்கமான மனுஷன்' என்று கேஷியருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. அந்நிய ஊருக்கு முதல்முறையாகப் போகிறவர்களுக்கு எதிரே வருகிற எல்லோருமே அந்த ஊர்க்காரர்களாகத்தான் தெரிவார்கள்.

கேஷியர் வெளிநாட்டுக்கு வந்தது அவராக ஆசைப்பட்டு அல்ல. சபையிலிருந்து ஒரு குழு ஊழியப் பயணம் கிளம்புகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லித்தரப் போகிறது என்று அறிவிப்பு வந்ததுமே, அவர் மனைவி இரண்டு பெயரைக் கொடுத்துவிட்டாள். மனைவி பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் தாலிக்குத் துணையாக எப்போதும் ஒரு விசிலும் தொங்கும். குழுவுக்குத் தலைவியும் அவளே.

ஆட்சேபணை சொன்னவர் சபையின் பொருளாளர்.

"கேஷியர் எதுக்கு டீச்சர்? வங்கியில கண்ணாடிக்குப் பின்னாடி உட்கார்ந்து பழகிட்டவர். ஒரு ஆளுக்கு வணக்கம் சொல்லவே அவருக்கு ஒரு வாரம் ஆகும். நாம போறதே ரெண்டு வாரம்."

கமிட்டி முழுவதும் சிரித்தது. கேஷியரும் சேர்ந்து சிரித்தார். அது நியாயமான கணக்கு என்றே அவருக்குப் பட்டது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"என் வீட்டுக்காரர் ஒரு ஆளையாவது நம்ம கூட்டத்துக்குக் கூட்டிட்டு வருவாரு. வரலேன்னா இந்த விசிலை அடுத்த வருஷம் நீங்க மாட்டிக்குங்க அண்ணே."

அன்றிலிருந்து கேஷியருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்தைந்து வருடமாக அந்த விசில் சத்தத்தில்தான் அவர் கண் விழிக்கிறார். அது இல்லாத டீச்சரை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதுவும் தன்னால் போவதென்றால்!

பயணத்துக்கு முன் சனிக்கிழமைதோறும் பயிற்சி நடந்தது. உலகம் பூராவும் இதே பாடத்தைத்தான் நடத்துகிறார்களாம். டீச்சர் எங்கிருந்தோ அந்தக் காணொளிகளைப் பிடித்து வந்து எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினாள். பல் தெரியச் சிரிக்க வேண்டும். கேட்காமலே உதவ வேண்டும். கொடுத்ததை மறுக்கக் கூடாது. தீங்கு செய்தவரை அந்த இடத்திலேயே மன்னிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்ததும் வராததுமாக 'நான் இன்னார், இன்ன சபை' என்று ஆரம்பித்துவிடக் கூடாது. பழகின பிறகுதான் பேச்சு, அதுவரை செய்கைதான் பேச வேண்டும்.

கடைசிப் பாடம் கேஷியருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பேச வேண்டாம் என்று சொன்ன ஒரே பாடம் அதுதான்.

வந்து சேர்ந்ததும் ஆளுக்கொரு வேலை பிரித்தார்கள். பாடத் தெரிந்தவர்கள் பாடினார்கள், படம் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள். கடைசி நாள் நாடகத்தில் தேவதூதன் வேஷத்துக்குப் பொருளாளரைத் தவிர உயரமான ஆள் கிடைக்காததால், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வளர்த்த மீசையை அவர் எடுக்க வேண்டி வந்தது. மீசை போன முகத்தோடு அவர் எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். கேஷியருக்கு என்ன கொடுப்பது என்று யோசித்து, துணி துவைக்கிற வேலையைக் கொடுத்தார்கள். தங்கியிருந்த பள்ளி விடுதியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, காசு போட்டு நாமே துவைத்துக்கொள்கிற இந்தக் கடை.

தினமும் மாலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அன்று யாருக்கு என்ன உதவி செய்தோம் என்று சாட்சி சொல்ல வேண்டும். கேஷியரின் முறை வரும்போது அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருப்பார். அவர் போட்டிருந்தது செருப்பு.

*

இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி இங்கிலீஷ். பொது என்று சொல்வதைவிட, இருவருமே அதிலிருந்து ஒரே தொலைவில் நின்றார்கள் என்பதுதான் சரி. அதை அப்படியே எழுதினால் படிப்பவர்களுக்கும் பாவம், அந்த மொழிக்கும் பாவம். அதனால் அவர்கள் பேசியதெல்லாம் இங்கே தமிழிலேயே இருக்கும்.

மறுநாளும் தாடிக்காரர் வந்தார். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் அதே பெரிய கோணிப்பை. அதற்குள் ஆண்கள் துணி, பெண்கள் துணி, துண்டுகள், ஒரே மாதிரியான வெளிர்நீல டீ-ஷர்ட் ஒரு அடுக்கு. ஒரு மனிதருக்கு இத்தனை துணி இருக்க முடியாது. ஊரார் துணியைத் துவைத்துக் கொடுத்துப் பிழைக்கிற மனிதர் என்று கேஷியர் தீர்மானித்தார். அந்த நீலச் சட்டைகள் ஏதோ கம்பெனிச் சீருடையாக இருக்கும். இந்த வயதில், இந்த முதுகோடு, ஐயோ பாவம்.

தாடிக்காரரும் கேஷியரின் மூட்டையைப் பார்த்து உச்சுக் கொட்டினார். தன் பையிலிருந்து ரொட்டி எடுத்து நீட்டினார். காலைப் பலகாரம் கழுத்துவரை இருந்தாலும், கொடுத்ததை மறுக்கக் கூடாதே என்று கேஷியர் வாங்கிச் சாப்பிட்டார். அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்துத் தாடிக்காரரின் கண் கலங்கியது. இன்னொரு ரொட்டியையும் கொடுத்தார்.

இவ்வளவு நல்ல மனிதருக்குப் பதிலுக்கு ஏதாவது செய்யாவிட்டால் எப்படி? தாடிக்காரர் சோப்புத்தூள் வாங்க வெளியே போன சமயம் பார்த்து, கேட்காமலே உதவுகிற பாடத்தைக் கேஷியர் செயலில் காட்டினார். கோணிப்பையைத் தன் மெஷினிலேயே கவிழ்த்தார். கூடவே, அன்றுதான் முதல்முறையாகத் துவைக்க வந்த தங்கள் குழுவின் ஆரஞ்சு டீ-ஷர்ட்டுகளையும் போட்டார். டீச்சர் நூறு முறை சொல்லி அனுப்பியிருந்தாள், உள்பக்கத்தைத் திருப்பித்தான் போட வேண்டும், இல்லையென்றால் நெஞ்சில் உள்ள அச்சு உரிந்துவிடும் என்று. அதைக் கேஷியர் மறக்கவில்லை. தாடிக்காரரும் தன் சட்டைகளை அப்படியேதான் திருப்பி வைத்திருந்தார். தொழில் தெரிந்த மனுஷன் என்று கேஷியர் மெச்சிக்கொண்டார்.

சாயம் போகும் என்பதைப் பற்றி டீச்சர் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

மெஷின் நின்றபோது வெளிர்நீலம் அங்கங்கேதான் மிச்சமிருந்தது. காரட்டை மென்று துப்பின நிறத்தில் திட்டுத் திட்டாக ஏதோ வெளியே வந்தது. துண்டுகளுக்கு மஞ்சள் காமாலை. கேஷியருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சோப்போடு திரும்பி வந்த தாடிக்காரரின் முன்னால் சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்... கேட்காம... பெரிய தப்பு பண்ணிட்டேன்."

தாடிக்காரர் சட்டையைப் பார்த்தார். கேஷியரைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. லாட்டரி விழுந்தவர் மாதிரி இரண்டு கையையும் விரித்து வந்து கேஷியரை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"மன்னிச்சுட்டேன். முழுசா மன்னிச்சுட்டேன். உங்களுக்கு மன்னிப்பு வேணும்தானே?"

"வேணும்."

"இந்தாங்க, கொடுத்துட்டேன்" என்று மறுபடியும் கட்டிக்கொண்டார்.

கேஷியர் இப்படி ஒரு மனிதரைப் பார்த்ததில்லை. வங்கியில் ஒரு கிழிந்த நோட்டு போய்விட்டால் ஊரையே கூட்டுகிறார்கள். இந்த ஏழை மனிதரோ மூட்டைத் துணியைப் பறிகொடுத்துவிட்டுக் கொண்டாடுகிறார்.

அந்த நல்ல மனம் கேஷியரைத் தூங்கவிடவில்லை. மறுநாள் ஒரு பாட்டில் பிளீச்சிங் திரவத்தை வாங்கி வந்து, கறையை எடுத்துக் கொடுக்கிறேன் என்று சட்டைகள்மேல் தாராளமாக ஊற்றினார். காரட் நிறம் போய்விட்டது, ஊற்றின இடத்தில் மட்டும். இப்போது ஒவ்வொரு சட்டையும் ஒரு தேசப்படம் மாதிரி இருந்தது. தாடிக்காரர் அதையும் மன்னித்தார். இந்த முறை ஒரு சொட்டுக் கண்ணீரோடு.

"இன்னும் ஏதாவது பண்ணணும்னா பண்ணுங்க. தயங்காதீங்க" என்றார்.

அன்று மாலை வட்டத்தில் கேஷியர் ஷூ லேஸ் கட்டவில்லை. எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, தனக்கு ஒருவர் பழக்கமாகியிருக்கிறார், ஊரார் துணி துவைக்கிற ஏழை மனிதர், அவருக்காக எல்லோரும் ஜெபிக்க வேண்டும் என்றார். சாயத்தைப் பற்றிச் சொல்ல நேரமில்லை.  பெண்கள் பக்கமிருந்து "தோத்திரம்" என்றொரு முனகல் எழுந்தது. டீச்சரின் விசில் தானாக ஒரு முறை பீப் என்றது; அவள் அதை வாயில் வைத்திருந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

படுக்கப் போகும்போது அவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அவர் போட்டிருந்தது காலர் இல்லாத பனியன்.

"கடைசி நாள் தேநீர் விருந்துக்கு அவரைக் கூட்டிட்டு வந்துடுங்க. போதும். எனக்கு வேற எதுவும் வேணாங்க."

*

தாடிக்காரருக்கும் கடன்பட்ட உணர்ச்சி இருந்ததோ என்னவோ, நாடகத்துக்கென்று கேஷியர் கொண்டுவந்திருந்த தேவதூதனின் சிறகுகளைத் தானே இஸ்திரி போட்டுத் தருவதாக ஒற்றைக்காலில் நின்றார். கடை மூலையில் ஒரு இஸ்திரி மேஜை இருந்தது. கம்பிச் சட்டத்தில் வெள்ளை வலைத்துணி தைத்த சிறகு அது; பெட்டியில் மடிந்து சுருங்கிப் போயிருந்தது. வலைத்துணிக்கு நைலான் என்று ஒரு பெயர் உண்டு என்பது இருவருக்கும் தெரியாது. சுர்ரென்று ஒரு சத்தம், பொசுங்கின நாற்றம். இடது சிறகு இஸ்திரிப் பெட்டியோடு மேலே எழும்பியது.

தாடிக்காரரின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. ஆனால் கேஷியருக்கு அப்போது உள்ளே ஒரு மணி அடித்தது. முதல்முறையாக மன்னிப்பதற்கென்று அவருக்கு ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. விடுவாரா? அவர் பாய்ந்து போய்த் தாடிக்காரரைக் கட்டிக்கொண்டார்.

"மன்னிச்சுட்டேன். நீங்க ஒண்ணும் நினைக்காதீங்க."

"இல்ல, இது பெரிய தப்பு."

"பெரிய தப்பாவே இருக்கட்டும். அதுக்கும் சேர்த்துத்தான்."

கடைக்காரம்மா கம்பளி பின்னுவதை நிறுத்திவிட்டு இவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அன்று மாலை, 'நான் ஒருவரை மன்னித்தேன்' என்று கேஷியர் சாட்சி சொன்னபோது கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எதை மன்னித்தார் என்று பொருளாளர் கேட்டார். கேஷியர் சிறகைக் காட்டினார். கைதட்டல் நின்றது.

"மீசையை எடுத்தேன். கேட்டீங்க, எடுத்தேன்" என்றார் பொருளாளர், மீசை இருந்த இடத்தைத் தடவியபடி. "இப்ப ஒத்தைச் சிறகோட நான் எப்படிப் பறக்கிறது? வட்டமடிச்சுக்கிட்டே இருக்கவா?"

 டீச்சர் கேஷியரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை.  விசிலின் கயிற்றை அவள் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

கடைசி நாள் காலை. மறுநாள் ஊருக்குக் கிளம்புவதால், உடுத்தியிருந்தது போக மிச்சம் அத்தனை துணியையும் மூட்டை கட்டிக் கேஷியர் தோளில் ஏற்றிவிட்டார்கள். துவைத்துக் காயவைத்து, மாலைக்குள் கொண்டுவர வேண்டும். சிறகையும் ஒரு வழி பண்ணிக்கொண்டுவர வேண்டும். ஆளையும் கூட்டிக்கொண்டுவர வேண்டும்.

தாடிக்காரர் சிறகுக்கு யோசனையோடு காத்திருந்தார். கையில் ஒரு பழைய தலையணை.

"உள்ளே நிஜ இறகு. எடுத்துச் சட்டத்துல ஒட்டிடலாம்" என்றார்.

நல்ல யோசனைதான். தலையணை மட்டும் கொஞ்சம் அழுக்காக இருந்தது. தேவதூதன் முதுகில் அழுக்கு ஏறலாமா என்று கேஷியர் அதை மெஷினில் போட்டு ஒரு அலசு அலசினார். ஈரம் போக, அடுத்திருந்த உலர்த்துகிற மெஷினுக்குள் தள்ளினார். எல்லாத் துணியோடும் சேர்த்து. சீக்கிரம் காயட்டும் என்று சூட்டைக் கடைசிவரை திருகியும் விட்டார்.

உள்ளே டொப் என்றது. ஏதோ பொத்தான் கழன்றிருக்கும் என்று நினைத்துக் கேஷியர் கதவைத் திறந்தார்.

ஒரு சின்னத் தலையணைக்குள் இத்தனை இறகு அடங்கும் என்று படைத்தவனுக்குத்தான் தெரிந்திருக்கும். வெள்ளைப் புயல் ஒன்று கிளம்பி வந்து கடையை நிறைத்தது. பெஞ்சு தெரியவில்லை. விளக்கு தெரியவில்லை. கடைக்காரம்மா பின்னிக்கொண்டிருந்த கறுப்புக் கம்பளி வாத்தாக மாறியது. தாடிக்காரரின் தாடிக்குள் புகுந்த இறகுகள் வெளியே வரும் உத்தேசத்திலேயே இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு மன்னிக்க ஆரம்பித்தார்கள்.

"போதும்" என்றாள் கடைக்காரம்மா. இரண்டு வாரத்தில் அவள் அவர்களிடம் பேசிய முதல் வார்த்தை. எழுந்துபோய்க் கதவை உள்ளே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு இறகு மிச்சமிருந்தாலும் துணியும் வெளியே போகாது, ஆளும் வெளியே போக முடியாது என்று கையைக் காட்டிச் சொன்னாள். பிறகு வாத்தைப் பின்னத் தொடங்கினாள்.

இருவரும் மண்டியிட்டுப் பொறுக்கினார்கள். அதிலும் சங்கடம். கேஷியர் ஒரு பிடி எடுத்தால், "நீங்க கஷ்டப்படாதீங்க" என்று தாடிக்காரர் பிடுங்கிக்கொள்வார். அவர் எடுத்ததை இவர் பிடுங்குவார். பிடுங்கின வேகத்தில் பாதி மறுபடியும் பறக்கும். மத்தியானம் வரைக்கும் தரையில் ஒரு பாய் அளவு இடம்கூடச் சுத்தமாகவில்லை. கடைசியில் கடைக்காரம்மாவே ஒரு சுருள் ஒட்டுநாடாவைத் தூக்கிப் போட்டாள். அதைக் கையில் சுற்றிக்கொண்டு ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். எடுத்ததை அப்படியே சிறகுச் சட்டத்தில் சுற்றினார்கள். தேவதூதனின் சிறகு என்று சத்தியம் செய்ய முடியாது. மழையில் நனைந்த கோழி என்று சொன்னால் ஊர் நம்பும்.

வேலை நடுவே தாடிக்காரர் பெருமூச்சு விட்டார். துணி நேரத்துக்குப் போகாவிட்டால் 'அந்தம்மா' தன்னை உயிரோடு விடமாட்டாள் என்றார்.

கேஷியர் உச்சுக் கொட்டினார். எப்பேர்ப்பட்ட முதலாளியம்மாவிடம் மாட்டியிருக்கிறார் மனுஷன்.

"எனக்கும் அப்படி ஒரு அம்மா இருக்காங்க. அவங்க ஊதினா நான் ஓடணும்" என்றார்.

"ஊதுவாங்களா?" தாடிக்காரர் கையிலிருந்த இறகை நழுவவிட்டார். "என்னோட அம்மா மணி அடிப்பாங்க."

"ஆனா நல்ல மனசு."

"மனசு தங்கம். என்மேல நம்பிக்கை வச்ச ஒரே ஆள் அவங்கதான். அதுக்காகவாவது இன்னிக்கு அவங்க முகம் வாடக் கூடாது."

 அதே வாக்கியம் கேஷியரின் நாக்கு நுனியிலும் நின்றுகொண்டிருந்தது. முதலாளியைப் பற்றி இவ்வளவு பாசத்தோடு பேசுகிற வேலைக்காரரை அவர் கண்டதில்லை. இவருக்கு நற்செய்தி சொல்ல வந்தோமே, இவரல்லவா நமக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

இறகுகள் ஒருவழியாக முடிந்தன. சாவி இடுப்பிலிருந்து வந்தது. மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது, கேஷியர் இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்த தைரியத்தையெல்லாம் திரட்டி வாயைத் திறந்தார். அதே நொடியில் தாடிக்காரரும் திறந்தார். இன்று மாலை ஒரு சிறு தேநீர் விருந்து, நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்று இருவருமே சொன்னார்கள்.

"நீங்க முதல்ல என் இடத்துக்கு வாங்க" என்றார் தாடிக்காரர்.

வேறு நாளாக இருந்தால் கேஷியர் சரி என்று தலையாட்டியிருப்பார். அவர் வாழ்நாளில் யாரிடமும் இரண்டாவது முறை எதையும் வற்புறுத்தியதில்லை. ஆனால் கண் முன்னால் ஒரு கயிறு, விரலைச் சுற்றிச் சுற்றி அவிழ்ந்துகொண்டிருந்தது.

"இல்லைங்க. நீங்க என் இடத்துக்கு வரணும். வந்தே ஆகணும்" என்றார். குரல் கடைக்காரம்மாவே நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு வந்தது.

தாடிக்காரர் தயங்கினார். ஏதோ பழைய பாடம் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்கிறவர் மாதிரி கண்ணை மூடித் திறந்தார். "மறுக்க மாட்டேன்" என்றார். "மூட்டையைக் கொடுத்து, அந்தம்மாகிட்ட எங்கே போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

*

விடுதிக் கூடத்தில் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பொருளாளர் சிறகை மாட்டிக்கொண்டு மேடையேறியதும், முதல் வரிசைப் பிள்ளைகள் கூரையே அதிரச் சிரித்தார்கள். அவர் அசைந்தபோதெல்லாம் இரண்டு இறகு பறந்தது. ஒவ்வொன்றையும் பிடிக்கப் பிள்ளைகள் துள்ளினார்கள். இத்தனை கைதட்டல் அவர் மீசையோடு இருந்த காலத்தில் ஒரு நாளும் வாங்கியதில்லை. வணங்கி நின்றபோது அவர் முகத்தில் இருந்தது சிரிப்புதான் என்று பலர் சொன்னார்கள்.

ஆனால் டீச்சரின் கண் வாசலில் இருந்தது. மற்றவர்கள் யார் யாரையோ விருந்தாளிகளாகக் கூட்டி வந்துவிட்டார்கள். படம் போடுகிறவர்கூட ஒரு தபால்காரரைப் பிடித்து வந்திருந்தார். கேஷியர் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது.

"வரலையா அண்ணே?" என்றார் பொருளாளர், தேநீர்க் கோப்பையோடு வந்து. "பரவாயில்ல. விசில் அடிக்க நானும் பழகிக்கிறேன்."

கேஷியர் வாசலையே பார்த்தார். கதவு திறந்தது. தாடி முழுக்க இறகோடு, குளித்துத் தலைவாரி, வாயெல்லாம் பல்லாகத் தாடிக்காரர் நின்றார்.

கேஷியர் எழுந்தார். தான் எழுந்தது அவருக்கே தெரியாது. கூடத்தின் நடுவே நடந்துபோய், அவர் கையைப் பிடித்து அழைத்து வந்து, எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார். தடுமாறாத குரலில், "இவர் என் சிநேகிதர்" என்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, இத்தனை பேர் முன்னால் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

கூடமே எழுந்து கைதட்டியது. டீச்சர் விசிலை ஊத வாயில் வைத்தாள், ஊத முடியவில்லை; உதடு அழுகைக்குப் போய்விட்டது. ஒருவழியாகச் சமாளித்துக்கொண்டு பொருளாளர் பக்கம் திரும்பினாள்.

"பார்த்துக்கங்க அண்ணே. என் வீட்டுக்காரர் கடைசில ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்துட்டாரு."

பொருளாளரின் சிறகு இரண்டும் தொங்கிப்போயின. கேஷியர் தாடிக்காரருக்குத் தன் கையாலேயே தேநீர் கொடுத்தார். தாடிக்காரர் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தார், ஆரஞ்சுச் சட்டைகளைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், ஏதோ கேட்க வந்தார்.

அதற்குள் வாசலில் கிணிகிணியென்று மணிச் சத்தம் கேட்டது. கதவை இரண்டாகத் திறந்துகொண்டு, கையில் பித்தளை மணியோடு ஒரு அம்மாள் உள்ளே நுழைந்தாள். பின்னால் ஒரு கும்பல், ஆளுக்கொரு தட்டும் பாத்திரமுமாக. எல்லோரும் ஒரே மாதிரிச் சட்டை: வெளிர்நீலத்தில் காரட் திட்டு, காரட்டுக்கு நடுவே வெள்ளைத் திட்டு. அந்தத் தேசப்படங்களைக் கேஷியர் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வார். ஆனால் அவற்றின் வெளிப்பக்கத்தை அவர் இன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். நெஞ்சில் ஒரு புறா, அதன்கீழே வளைவாக ஏதோ சபையின் பெயர். அதைப் படித்து முடிப்பதற்குள் அந்த அம்மாள் நேராக வந்து, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"நாம தினமும் ஜெபிச்சோமே, ஊரார் துணி துவைச்சுப் பிழைக்கிற அந்தப் பாவப்பட்ட மனுஷன், இவர்தான், ஒரு ஆளைக்கூடப் பிடிக்க மாட்டார்னு எல்லாரும் சிரிச்சீங்களே, பாருங்க, என் வீட்டுக்காரர் கடைசில ஒருத்தரைப் பிடிச்சுட்டாரு."